மிஷினை நிறுத்தியவர்

அரசாங்க அலுவலகத்திலிருந்து போன் வந்தால் எங்கள் முதலாளி எழுந்து நின்றுதான் பேசுவார். சும்மா எழுந்து நிற்பது இல்லை. திறந்து கிடக்கும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார், செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிடுவார், பிறகுதான் போனைக் காதில் வைப்பார். மறுமுனையில் இருப்பவர் மந்திரி ஒன்றும் இல்லை. விண்ணப்பப் பாரத்தின் மூன்றாம் பக்கத்தில் கம்பெனி முத்திரை விழவில்லை என்று சொல்லக் கூப்பிட்ட ஒரு கிராணியாக, வெறும் குமாஸ்தாவாக இருப்பார். இவர் சுவரைப் பார்த்துத் தலையாட்டியபடி "பாயிக் துவான், பாயிக் துவான்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். மலாயில் 'சரிங்க ஐயா' என்று அர்த்தம்.

"அண்ணே, நீங்க நிக்கிறது அவனுக்குத் தெரியவா போவுது? உக்காந்து பேசுங்களேன்" என்று ஒருமுறை சொன்னேன்.

"அவனுக்குத் தெரியாது தங்கச்சி. எனக்குத் தெரியும்லா" என்றார்.

இந்த ஒரு குணத்தோடு எட்டு வருடம் மல்லுக்கட்டியவள் நான். ஈப்போவில், சிலிபின் சின்னத் தொழிற்பேட்டையின் கடைசிக் கதவு அவருடையது. பம்பிலும் எஞ்சினிலும் எண்ணெய் ஒழுகாமல் பிடித்துக்கொள்ளும் ரப்பர் வளையம் செய்வார். ஆயில் சீல் என்பார்கள். மூன்று பழைய பிரஸ், அச்சு வெட்டும் ஒரு சீனக் கிழவர், ஆறு தொழிலாளர்கள், ஒரு ஏர்கண்டிஷன் இல்லாத அலுவலக அறை. அந்த அறையில் மலாயிலும் ஆங்கிலத்திலும் கடிதம் எழுத அவர் வைத்துக்கொண்ட ஆள்தான் நான். பக்கத்து ஊரான பத்து காஜாவிலிருந்து தினமும் போய் வருவேன்.

தொழிலில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வளையத்தின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை அழுத்தி எடுப்பார். அந்தத் தடம் எவ்வளவு வேகமாக மறைகிறது என்று பார்த்தே, ரப்பர் சரியாக வெந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். லூமுட்டில் மீன்படகு எஞ்சின் பார்க்கும் மெக்கானிக்குகள், கடையில் கிடைக்கிற வெளிநாட்டுச் சாமானை விட்டுவிட்டு இவரிடம் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். உப்புத் தண்ணீரில் இவருடைய வளையம்தான் நிற்கும் என்பது அவர்கள் கட்சி.

வாங்க வருகிறவர்களிடம் அவருக்குத் துளிக்கூடப் பயம் இருந்ததில்லை. இதை நான் கண்ணால் பார்த்தேன். கோலாலம்பூரில் ஒரு தொழிற்கண்காட்சியில் எங்களுக்கு ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் கிடைத்தன. அரசாங்கத் திட்டம் ஒன்றில்தான் கிடைத்தன, அதை மறைக்கக் கூடாது. அங்கே பம்பு செய்யும் டச்சுக் கம்பெனி ஒன்றின் ஆள் வந்தார். ஆறடி உயரம், கழுத்தில் அட்டை. தன் பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்துக் காட்டி, இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டார். எங்கள் அண்ணன் ஒரு நிமிடம் பார்த்தார். "சார், யுவர் டிராயிங் ராங்" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் நாற்காலியில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, எங்கள் வளையம் ஒன்றைப் பிளேடால் குறுக்கே வெட்டி, உங்கள் படத்தில் விளிம்பு இந்த இடத்தில் மெலிந்திருக்கிறது, மூன்று மாதத்தில் கிழியும் என்று பாதி ஆங்கிலம், பாதி மலாய், மீதி கை என்று விளக்கினார். டச்சுக்காரர் சிரிக்கவில்லை. படத்தை மடித்து எடுத்துப் போனார். இரண்டு மாதம் கழித்துத் திருத்திய படம் மின்னஞ்சலில் வந்தது. கூடவே ஒரு கேள்வி: வருடம் முழுக்க இதை எங்களுக்குச் செய்து தருவீர்களா?

செய்து தரலாம். ஆனால் அவர்கள் போட்ட ஒரு நிபந்தனை இருந்தது. சூட்டையும் அழுத்தத்தையும் கணினியே பார்த்துக்கொள்ளும் புதுப் பிரஸ் ஒன்று வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் அதன் பதிவைத் தர வேண்டும். நகத்தால் அழுத்திப் பார்த்தோம் என்று சான்றிதழ் எழுத முடியாதல்லவா. டிசம்பருக்குள் மிஷின் ஓடிக்கொண்டிருந்தால் ஆர்டர் எங்களுக்கு. இல்லையென்றால் வேறு நாட்டில் ஒருவர் காத்திருக்கிறார். எங்கள் வளையம் லூமுட் படகோடு நின்றுவிடுமா, ரோட்டர்டாம் வரை போகுமா என்பது அந்த ஒரு மிஷினில் இருந்தது.

பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல அதே சமயத்தில் ஒரு திட்டம் வந்தது. உள்நாட்டுத் தொழிற்சாலைகளை உலகச் சந்தையில் போட்டி போட வைக்க, மிஷின் விலையில் பாதியை அரசாங்கமே கொடுக்கும். நான் பாரத்தை இறக்கி அச்சடித்து எடுத்துக்கொண்டு துள்ளிக் குதித்து ஓடினேன்.

அந்தப் பாரத்தை நிரப்புவதற்குள் என் தலைமுடி பாதி கொட்டியது. "உலக அளவில் உங்கள் பலம் என்ன?" என்று ஒரு கேள்வி. 'வாடிக்கையாளரின் வரைபடத்தையே திருத்திக் கொடுக்கும் தொழில்நுட்ப அறிவு' என்று நான் அழகாக எழுதியிருந்தேன். அவர் பேனாவால் அடித்துவிட்டார்.

"ஏண்ணே?"

"பெருமையா எழுதுனா கோவிச்சுக்குவாங்க. பணிவா எழுது. 'நாங்கள் சிறிய கம்பெனி, தயவு செய்து ஆதரவு தர வேண்டும்'னு போடு."

"அண்ணே, இது கோயிலுக்கு நன்கொட கேக்குற நோட்டீஸ் இல்ல. நீங்க பெரிய ஆளுன்னு காட்டுனாத்தான் குடுப்பாங்க."

"பெரிய ஆளா இருந்தா நான் ஏன் தங்கச்சி கேக்கப் போறேன்?"

பெரிதாக வளர உதவி கேட்கும் பாரத்தில், நீ ஏற்கனவே பெரியவனா என்றுதான் பத்துப் பக்கத்துக்குக் கேட்டிருந்தார்கள். நான் எழுதுவதும் அவர் அடிப்பதுமாக ஒரு வாரம் போனது. கடைசியில் அவர் ஊரில் இல்லாத ஒரு நாள் பார்த்து, அடித்ததையெல்லாம் திரும்ப எழுதி அனுப்பிவிட்டேன்.

திட்டத்தில் ஒரு விதி இருந்தது. ஒப்புதல் கடிதம் வருவதற்கு முன் மிஷின் வாங்கினால் உதவி கிடையாது. மிஷின் விற்கும் சீனர் எங்கள் ஈப்போ ஆள்தான். ஒன்று கிடங்கில் தயாராக இருந்தது. "பாஸ், முதல்ல கொண்டுபோய் வை, தேதியெல்லாம் பிறகு பாத்துக்கலாம்" என்று அவரே சொன்னார். நானும் சொன்னேன். டிசம்பர் நமக்காக நிற்காது, கையில் மிஷின் இருந்தால் போதும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றேன்.

"சூராட் வராம தொட்டா அது திருட்டு மாதிரி" என்றார். சூராட் என்றால் கடிதம்.

தொடவில்லைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கிடங்குக்குப் போய், பிளாஸ்டிக் உறை போட்ட மிஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார். பெண் பார்க்கப் போய்விட்டு வருகிறவர்போலத் திங்கட்கிழமை முகம் மலர்ந்திருக்கும்.

ஜூலையில் தொழிற்சாலையைப் பார்வையிட அதிகாரிகள் வருகிறார்கள் என்று போன் வந்தது. நின்றுகொண்டு பேசினார். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு. முதல் நாள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்ததால் நான் விடுப்பில் இருந்தேன். போனில் மட்டும் சொன்னேன்: "அண்ணே, எல்லாம் சுத்தமா பளபளன்னு இருக்கணும்." இதைச் சொன்னது நான்தான். அதையும் மறைக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு உள்ளே நுழைந்தேன். பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. தரை முழுக்கப் பச்சை பெயிண்ட். சுவருக்கு வெள்ளை. ஆறு தொழிலாளர்களும் இஸ்திரி போட்ட புதுச் சட்டையில் வாசலிலிருந்து வரிசையாக நின்றார்கள். சீனக் கிழவர்கூடத் தலையில் எண்ணெய் வைத்து வாரியிருந்தார். மேசையில் வெள்ளைத் துணி, அதன்மேல் பலகாரத்துக்குக் கறிபாப், தர்பூசணி, குடிக்கப் பால் சேர்க்காத தே ஓ. ஆனால் ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. சத்தம் இல்லை.

"அண்ணே, மிஷின் ஏன் ஓடல?"

"நிறுத்திட்டேன்லா. நேத்து மத்தியானமே. தொடச்சு எண்ண போட்டு வச்சிருக்கேன், பாரு."

"ஐயோ, எதுக்குண்ணே நிறுத்துனீங்க?"

என்னைக் கிறுக்கியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஆபீசர் வாராங்க. அவங்க முன்னால மிஷின ஓட்டிக்கிட்டு நிக்கிறதா? மரியாத வேணாமா?"

நான் பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மூன்று பிரஸ்ஸின் சுவிட்சையும் தட்டினேன். பிரஸ் என்பது தோசைக்கல் மாதிரிதான். காயாமல் எதையும் ஊற்ற முடியாது. ஆனால் தோசைக்கல் அஞ்சு நிமிடத்தில் காயும். அந்தக் கனத்த இரும்பு அச்சு முழுதாகச் சூடேற ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். சூடு காட்டும் முள் முப்பது டிகிரியில் நின்றது. எங்களுக்கு நூற்றெழுபது வேண்டும்.

பத்து மணிக்குச் சரியாக வந்துவிட்டார்கள். தலைமை அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி, கூட இரண்டு பேர். மோசமானவர்கள் இல்லை. சிரித்த முகமாகத்தான் இருந்தார்கள். அண்ணன் கைகூப்பியபடி பக்கவாட்டில் நடந்தார். அவர்களுக்கு முன்னால் நடக்கவே இல்லை. அந்தப் பெண்மணி முதல் பிரஸ் அருகில் நின்று, "மெசின் தா ஜாலான் கா?" என்று கேட்டார். ஓடவில்லையா என்று.

"ஓடும் புவான். இன்னிக்கு மட்டும் உங்களுக்காக நிறுத்தி வச்சிருக்கோம்" என்று அவர் மலாயில் பெருமையாகச் சொன்னார்.

அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் குறுக்கே விழுந்து, மரியாதைக்காக, பழைய வழக்கம், ஒரு இரண்டு மணி நேரம் இருந்தால் ஓட்டிக் காட்டுகிறோம் என்றேன். அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். பன்னிரண்டு மணிக்கு வேறொரு தொழிற்சாலை பார்க்க வேண்டுமாம். கறிபாப் சாப்பிட்டார்கள், நல்லாயிருக்கிறது என்றார்கள். நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது. எழுபத்தைந்து. பச்சைத் தரையைப் புகைப்படம் எடுத்தார்கள். தொண்ணூறு. கிளம்பிவிட்டார்கள். வண்டி முனை திரும்பும்போது முள் நூற்றைத் தொட்டது. அதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. 'பார்வையின்போது உற்பத்தி நடவடிக்கை எதுவும் காணப்படவில்லை.' ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு நான் அவரிடம் பேசியதை இப்போது நினைத்தால் கூசுகிறது. முதலாளி என்று பார்க்கவில்லை. "ஒரு டச்சுக்காரன்கிட்ட உன் படம் தப்புன்னு சொல்லத் தெரியுது. ஒரு ஆபீசர் முன்னால மிஷின ஓட்டத் தெரியலயா? உங்க மரியாதய வச்சு என்னாண்ணே பண்றது, நெத்தியில பூசிக்கிறதா?" என்று கத்தினேன். வெளியே தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. வளையம் ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்திக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"எங்கப்பா ரப்பர் தோட்டத்துல ஷீட் மிஷின்ல வேல செஞ்சாரு. பெரிய தொர வந்தா அல்லாரும் மிஷின நிறுத்திட்டு வரிசயா நிக்கணும். ஒரு நாளு மிஷின் சத்தத்துல தொர வந்தது அவருக்குக் கேக்கல. ஓட்டிக்கிட்டே இருந்திட்டாரு. அவ்வளவுதான். சாயங்காலமே லயத்து வீட்ட காலி பண்ணச் சொல்லிட்டாங்க. சட்டி பானையெல்லாம் ரோட்டுல கெடந்துச்சு. அப்ப எனக்கு ஏழு வயசு."

"இப்ப தொர இல்லண்ணே" என்றேன்.

"தெரியும்லா. தலைக்குத் தெரியுது. கைக்குத் தெரிய மாட்டேங்குது."

அதற்கு மேல் யாரால் திட்ட முடியும்? ஆனால் கோபம் போகவில்லை. போய்ச் சேர்ந்துவிட்ட அந்தத் துரைமேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? பக்கத்தில் இருந்தவர்மேல்தான் வந்தது. மேசையில் இருந்த பாரத்தின்மேல் வந்தது. உண்மையில் வேலை நடக்கிறதா என்று அறிய நாற்பது நிமிடம் போதும் என்று முடிவு செய்தவர்கள்மேல் வந்தது. குப்பைத்தொட்டியில் ஒரு கையைவிட்டிருந்தால், முதல் நாள் வெட்டிப்போட்ட ரப்பர் விளிம்புகள் குவியலாகக் கிடைத்திருக்கும்.

மேல்முறையீடு எழுதினேன். இந்த முறை அவர் எதையும் அடிக்கவில்லை. அக்டோபரில் மறுபடி வந்தார்கள். நான் விடியற்காலையிலேயே போய் மூன்று பிரஸ்ஸையும் சூடேற்றி, சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் காவல் நின்றேன். அவர்கள் உள்ளே வந்ததும் அண்ணனின் கை தானாகவே சிவப்புப் பொத்தானை நோக்கிப் போனதைப் பார்த்தேன். "அண்ணே!" என்று நான் போட்ட சத்தத்தில் அதிகாரியம்மாவே திடுக்கிட்டார். கை பின்வாங்கியது. கூப்பிக்கொண்டது. வேர்த்து ஒழுக ஒழுக நின்றார், ஆனால் மூன்று மிஷினும் ஓடின. அந்தப் பெண்மணி சூடான வளையம் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பாகுஸ்" என்றார். நன்றாக இருக்கிறதாம். அறுபது வேலை நாட்களுக்குள் பதில் தருவதாகச் சொன்னார்.

அறுபது வேலை நாள் என்றால் எத்தனை வாரம் என்று நான் நாட்காட்டியில் எண்ணினேன். சனி, ஞாயிறு, தீபாவளி, கிறிஸ்மஸ் எல்லாம் கழித்துப் பார்த்தால் டிசம்பர் தாண்டிவிடுகிறது. டச்சுக்காரருக்கு எழுதினேன். நல்ல மனிதர், இரண்டு வாரம் கூட்டிக் கொடுத்தார். அதுவும் முடிந்தபோது, வருத்தத்தோடு வேறு நாட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டதாக எழுதினார். கடைசி வரியில், 'உங்கள் முதலாளி திருத்திய வரைபடத்தைத்தான் அவர்களும் பயன்படுத்துகிறார்கள், அவரிடம் என் நன்றியைச் சொல்லுங்கள்' என்று போட்டிருந்தார். நான் அந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. ஆர்டர் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். "சரி" என்றார். அன்று மதியம் கடையில் தாப்பாவ் கட்டி வாங்கி வந்த சோற்றுப் பொட்டலத்தை அவர் பிரிக்கவே இல்லை.

பிப்ரவரியில் ஒப்புதல் கடிதம் வந்தது. கெட்டித் தாள், மேலே தங்க முத்திரை. அதையும் நின்றுகொண்டுதான் படித்தார். மிஷினை வாங்கினார். வேறு என்ன செய்வது, கொடுத்ததை வேண்டாம் என்பதா? கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு மேளம் வந்ததுபோல வந்து இறங்கியது.

அதோடு விட்டார்களா? மிஷினைத் தொடக்கிவைக்க ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்று போன் வந்தது. மஞ்சள் துணியில் பதாகை கட்டினார்கள்: உலகத்தை வெல்லும் நம் நிறுவனங்கள். வாசலில் ஒலிபெருக்கி, கேமரா, ரோஜாப்பூ. பச்சைத் தரையில் நாற்காலிகள். அதிகாரியம்மாவும் வந்திருந்தார். பெரிய மனிதர் ரிப்பன் வெட்டினார், பொத்தானை அழுத்தினார், எல்லோரும் கைதட்டினார்கள். புதுப் பிரஸ் ரப்பரை உள்ளே இழுத்துக்கொண்டு உறுமியது. பழைய மூன்றும் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு பெரிய மனிதர் பேச எழுந்தார். மிஷின் சத்தத்தில் ஒலிபெருக்கியில் ஒன்றும் கேட்கவில்லை. ஏற்பாட்டுக்காரர் ஒருவர் ஓடிவந்து அண்ணன் காதருகே குனிந்தார். "துவான், பேச்சு முடியிற வரைக்கும் மிஷின் எல்லாத்தையும் நிறுத்திடுங்க."

நான் சுவரோரம் நின்றிருந்தேன். அண்ணன் கை பொத்தானை நோக்கிப் போவதைப் பார்த்தேன். இந்த முறை நான் கத்தவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. நிறுத்துங்கள், நிறுத்திவிட்டு வரிசையில் நில்லுங்கள், இனிமேல் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

கை பொத்தானுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவர் திரும்பி, இரண்டு கைகளையும் கூப்பினார்.

"மாஃப் துவான், மன்னிக்கணும். உள்ள சாமான் இருக்கு. பாதியில நிறுத்துனா வீணாப் போயிரும்" என்றார்.

ஏற்பாட்டுக்காரர் மறுபடி ஏதோ சொன்னார். அண்ணன் மறுபடியும் கைகூப்பினார். பெரிய மனிதர் இரண்டு முறை தொண்டையைச் செருமிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் பேச ஆரம்பித்தார். வாய் அசைந்தது. உலகம், தரம், ஏற்றுமதி என்று அங்கொன்றும் இங்கொன்றும் காதில் விழுந்தன. நான்கு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணன் கூப்பிய கையை இறக்காமல், வேர்த்து வழிய, புது மிஷினை ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

அந்த மிஷினுக்குள் வெந்துகொண்டிருந்தது லூமுட் மீன்படகுக்கான வளையம்.

இதை ஜூலையில் செய்திருக்கக் கூடாதா அண்ணே என்று எனக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தியும் விட்டேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.